ஒரு மீட்டர் படிக்கட்டு

கட்டடம் எழும்பும் முன்பே அதற்குள் தீ வைத்துப் பார்ப்பதுதான் அந்த அலுவலகத்தின் தொழில். வைப்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். வரைபடத்தை உள்ளே ஏற்றி, மாடிக்கு இத்தனை பேர் என்று ஆட்களை நிரப்பி, அபாய மணியை அடித்துவிட்டால் போதும். அவர்கள் எழுந்து நடந்து, கதவருகே முட்டி மோதி, படியிறங்கி வெளியே வருவார்கள். கடைசி ஆள் வாசலைத் தாண்ட எத்தனை நிமிடம் ஆனது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்தக் கட்டடத்துக்கும் அனுமதி கிடையாது.

மூன்றாவது மாடியில், லிப்டை ஒட்டி இரண்டு அறைகள். முதலாளியோடு சேர்த்து ஏழு பேர். ஆட்களை நடக்க வைக்கும் அந்த ப்ரோகிராமை ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒற்றை ஆளாக எழுதியவரை எல்லோரும் ‘மேடம்’ என்பார்கள். அறிக்கைகளில் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணுக்கும் முதலில் அவர் வெறும் மேடம்தான். எட்டு மாதம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து இவளைக் கவனித்தார் மேடம். தப்பு எங்கே என்று தெரியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள், பிறத்தியார் கதை பேச மாட்டாள். இவள்தான் என் தம்பிக்குச் சரி என்று முடிவு செய்து, அடுத்த நாலாவது மாதம் கல்யாணத்தையும் முடித்துவிட்டார். “பொண்ணு பார்க்கிற வேலையையும் ஆபீஸ் நேரத்துலயே முடிச்சுட்டாங்க” என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதிலிருந்து அந்த நாத்தனார் வீட்டில் அண்ணி, ஆபீஸில் மேடம். ஒரே ஒருமுறை வாடிக்கையாளர் முன்னால் வாய் தவறி “அண்ணி, அந்த ஃபைல்” என்றுவிட்டாள். அந்த மனிதர் அதற்கப்புறம் போன் செய்யும்போதெல்லாம் “அண்ணி மேடம் இருக்காங்களா?” என்றுதான் கேட்டார்.

அந்த வருடம் ஒரு மருத்துவமனை வேலை வந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், ஊன்றுகோல் பிடித்து நடப்பவர்கள், அவர்களைத் தாங்கிக் கூட்டிவருபவர்கள் எல்லோரையும் காட்டியாக வேண்டும். பழைய ப்ரோகிராம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. அதில் வேலைக்கு ஒரு கட்டளைத் தொகுப்பாக நூற்று முப்பது ஃபங்ஷன்கள் இருந்தன: நடப்பதற்கு ஒன்று, படியிறங்க ஒன்று, கதவில் காத்திருக்க ஒன்று, இப்படி. ஆட்களைப் பற்றிய எண்கள் வேறொரு மூலையில் நீள நீளமான பட்டியல்களாகக் கிடந்தன. ஓர் ஆளை நடக்க வைக்க வேண்டுமானால் அவருடைய வேகம், தோள் அகலம், மணி கேட்டு எழுந்திருக்க எடுக்கும் நேரம் என்று பதினொரு எண்களைப் பொறுக்கி, வரிசை பிசகாமல் ஃபங்ஷனிடம் நீட்ட வேண்டும். எந்த எண்ணிலும் பெயர் ஒட்டியிருக்காது. நடக்கும் ஃபங்ஷனில் மூன்றாவதாக வந்தால் அது வேகம், நான்காவதாக வந்தால் அகலம், அவ்வளவுதான். சக்கர நாற்காலி வந்தால் பதினொன்று பதினாறாகும். அத்தனை ஃபங்ஷன்களிலும் கை வைக்க வேண்டும்.

“எண்களையும் ஃபங்ஷன்களையும் ஒண்ணாக் கட்டிடலாம் மேடம்” என்றாள் அவள். “ஒரு ஆள்னா ஒரு ஆப்ஜெக்ட். அவரோட வேகம், அகலம் எல்லாம் அவர்கிட்டயே இருக்கும். நடக்கிறது, இறங்குறது, காத்திருக்கிறதும் அவரோட வேலைதான். நாம ‘இறங்கு’ன்னு சொன்னாப் போதும். எண்ணைத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம். கதவு ஒரு ஆப்ஜெக்ட், படிக்கட்டு ஒரு ஆப்ஜெக்ட்.”

“ஒன்பது வருஷமா ஓடுற வண்டி” என்றார் நாத்தனார். “ஓடும்போதே சக்கரத்தைக் கழட்டணும்ங்கிறே.”

“கழட்டி மாட்டிடறேன். ஆறு வாரம் குடுங்க.”

நாத்தனார் பென்சிலின் பின்பக்கத்தால் மேசையைத் தட்டியபடி யோசித்தார். “சரி, செய். பழைய வேலை எல்லாத்தையும் புதுசுலயும் ஓட்டிப் பாரு. ரெண்டும் ஒரே பதிலைச் சொல்லணும். ஒரு நொடி வித்தியாசம் வந்தாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையிலும் இதே பேச்சு. நாத்தனாரின் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். தனியாள் என்பதால் ஞாயிறுகளில் தம்பி வீட்டில்தான் சாப்பாடு. நூற்று முப்பது ஃபங்ஷன் என்று காதில் விழுந்ததும் மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். “நூத்தி முப்பதா? யாரு வீட்டுல? நமக்கு ஒரு பத்திரிகையும் வரலையே?” எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார்தான் அதிகம் சிரித்தார்.

ஆறு வாரத்தில் நாலு வாரம் சக்கரத்தைக் கழற்றுவதிலேயே போய்விட்டது. முதலில் ‘ஆள்’ என்ற ஆப்ஜெக்ட். பிறகு அதன் வகைகள்: பெரியவர், குழந்தை, முதியவர், நாற்காலியில் இருப்பவர். பழைய ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இது யாருடைய வேலை என்று பார்த்து, உரியவரிடம் ஒப்படைத்தாள். சிலவற்றுக்குச் சொந்தக்காரர் யாரென்றே தெரியவில்லை. நாத்தனாரைக் கேட்டால், “அதுவா, முன்னாடி ஒரு காலத்துல தேவைப்பட்டுச்சு” என்பார். படிக்கப் படிக்க அவளுக்கு நாத்தனார்மேல் மரியாதை கூடித்தான் போனது. ஒற்றை ஆளாக, கேட்க ஒருவரும் இல்லாமல், இத்தனையையும் மூளையில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

ஐந்தாவது வாரம் பழைய வேலைகளில் முதல் கட்டமாகப் பன்னிரண்டை எடுத்து, பழையதிலும் புதியதிலும் ஓட்டினாள். பதினொன்று நொடி சுத்தமாகப் பொருந்தின. பன்னிரண்டாவது ஒரு முதியோர் இல்லம். நாலு மாடி, ஒரே படிக்கட்டு, மேல் மாடிகளில் ஐம்பத்திரண்டு பேர். பழையது ஏழு நிமிடம் நாற்பது நொடி என்றது. புதியது பதினொரு நிமிடம் இருபத்தைந்து நொடி என்றது.

தான்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறோம் என்று அவள் நினைத்தாள். அப்படித்தானே நினைக்கத் தோன்றும்? ஒன்பது வருடம் ஓடிய வண்டி அது. தன்னுடையது பிறந்து ஐந்து வாரம். மூன்று நாள் தன் எழுத்தையே வரி வரியாகத் துழாவினாள். தப்பு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல், வேறு வழியில்லாமல் பழையதைத் திறந்தாள்.

அந்த இல்லத்துக்காக மட்டும் சேர்த்த வரி ஒன்று அதில் இருந்தது. முதியவர்களைப் படியிறங்கச் சொல்லும் வரி. சமதளத்தில் நடக்கும் ஃபங்ஷன் மூன்றாவதாக வேகத்தையும் நான்காவதாக அகலத்தையும் கேட்கும். படியிறங்கும் ஃபங்ஷன் மூன்றாவதாக அகலத்தையும் நான்காவதாக வேகத்தையும் கேட்கும். இந்த வரியில் நடக்கும் ஃபங்ஷனின் வரிசையிலேயே இரண்டையும் கொடுத்திருந்தது. முதியவரின் இறங்கும் வேகம் நொடிக்கு நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். கைத்தடியோடு சேர்த்து அவருக்கு வேண்டிய அகலம் ஐம்பத்தைந்து. இடம் மாறிப்போனதில் முதியவர்கள் எல்லோரும் ஒல்லியாகி, வேகமும் கூடி இறங்கியிருந்தார்கள். இரண்டுமே பார்த்தால் நம்பும்படியான எண்கள் என்பதால் எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை. படிக்கட்டின் அகலம் ஒரு மீட்டர். ஒல்லியானவர்கள் இரண்டு இரண்டு பேராக இறங்கலாம். நிஜ அகலத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடியும்.

அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் புகை படிக்கட்டுக்குள் வந்துவிடும் என்று கணக்கு. ஏழு நிமிடம் நாற்பது நொடி போதுமானது, எனவே இரண்டாவது படிக்கட்டு தேவையில்லை என்று எழுதியிருந்தது. கீழே நாத்தனாரின் கையெழுத்து. கட்டடம் எழும்பி மூன்று வருடமாகிறது.

கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். முழுக் கதையையும் சொல்லவில்லை; பழைய ப்ரோகிராமில் ஒரு தப்பு, பெரிய தப்பு, அண்ணி எழுதியது என்று மட்டும் சொன்னாள்.

“அடுத்த மாசம் அக்காவைப் பார்ட்னராச் சேர்க்கிறதா உங்க முதலாளி சொல்லியிருக்காரு” என்றான் அவன்.

“தெரியும்.”

“புதுசுல சரியா இருக்குல்ல? பழசைத் தூக்கிப் போட்டுட்டாப் போச்சு.”

“பழசைப் போட்டுடலாம். அதை நம்பிக் கட்டின கட்டடத்துல ஆளுங்க இருக்காங்களே.”

அவன் மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தான். “அப்போ அக்காகிட்ட தனியா சொல்லு. எல்லார் முன்னாடியும் வேண்டாம்.”

மறுநாள் காலை, மற்றவர்கள் வருவதற்கு முன், நாத்தனாரின் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்த வரியைக் காட்டினாள். நாத்தனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். ஃபங்ஷனின் தலைப்பைத் திறந்து வரிசையைச் சரிபார்த்தார். மறுபடி அந்த வரிக்கு வந்தார். இரண்டு எண்களையும் இடம் மாற்றிவிட்டுப் பழைய ப்ரோகிராமைத் தானே ஓட்டினார். பதினொரு நிமிடம் இருபத்தைந்து நொடி. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“எத்தனை நாளாத் தெரியும்?”

“நேத்துதான் உறுதியாச்சு. மூணு நாளா என்னோட தப்புன்னு தேடிக்கிட்டிருந்தேன்.”

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“வீட்டுல மட்டும். தப்பு இருக்குன்னு. எங்கேன்னு சொல்லல.”

நாத்தனார் தலையை ஆட்டினார். கைப்பையை எடுத்து, மேசை இழுப்பறையிலிருந்து அளவு நாடாவையும் நிறுத்துக் கடிகாரத்தையும் அதற்குள் போட்டார். “வா, போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்” என்றார்.

முதியோர் இல்லத்தின் நிர்வாகி ஒரு மூத்த நர்ஸ். படிக்கட்டை அளக்க வேண்டும் என்றதும் காரணம் கேட்காமல் கூட்டிப்போனார். நாத்தனார் மண்டியிட்டு நாடாவைப் பிடித்தார். கைப்பிடிக்கும் சுவருக்கும் இடையில் தொண்ணூற்றெட்டு. பிறகு, மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இரண்டு பாட்டிகளிடம், கீழே வரை சேர்ந்து இறங்கிக் காட்ட முடியுமா என்று கேட்டார். அவர்களுக்கு ஏக சந்தோஷம். ஒருத்தர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், இன்னொருத்தர் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். மூன்றாவது படியில் தோளும் தோளும் இடித்தன. சுவர்ப்பக்கம் இருந்தவர், யாரும் சொல்லாமலே ஒரு படி பின்னால் நின்று முன்னவரை விட்டுவிட்டுத் தொடர்ந்தார். நாத்தனார் கடிகாரத்தை நிறுத்தவில்லை. கடைசிப் படிவரை கூடவே இறங்கி, நொடிகளைக் குறித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் நன்றி சொல்லி, கையைப் பிடித்து லிப்டுக்குள் ஏற்றிவிட்டார்.

நர்ஸிடம் அங்கேயே, படிக்கட்டின் அடியில் நின்றே சொல்லிவிட்டார். “மூணு வருஷம் முன்னாடி நான் ஒரு அறிக்கை குடுத்தேன். அது தப்பு. இந்தப் படிக்கட்டு போதாது. எழுத்துல இன்னிக்கே வரும். அதுவரைக்கும் நடக்க முடியாதவங்களைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்துடுங்க.”

“இன்னிக்கேவா?” என்றார் நர்ஸ்.

“முடிஞ்சா இப்பவே.”

திரும்பிய கையோடு இருவரும் முதலாளியின் அறைக்குப் போனார்கள்.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தொழிலை வளர்த்தவர். எந்த வார்த்தையை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு, ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். “கடிதம் அனுப்பத்தான் வேணும், அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா எழுதுறதை இப்படி எழுதலாமே? ‘மேம்படுத்தப்பட்ட புதிய முறைப்படி மறுபடி கணித்ததில் நேரம் கூடுதலாகத் தெரிகிறது.’ பொய் ஒண்ணும் இல்லையே அதுல.”

“பொய் இல்ல” என்றார் நாத்தனார். “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறது. முறை மேம்பட்டதால நேரம் கூடல சார். நான் ரெண்டு எண்ணை இடம் மாத்திக் குடுத்தேன். அப்படி எழுதினாத்தான் அவங்க பயந்து வேலையை ஆரம்பிப்பாங்க. புது முறை, பழைய முறைன்னு எழுதினா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு வச்சிடுவாங்க.”

“உங்க லைசென்ஸ் போகும்.”

“போகட்டும்.”

“பார்ட்னர் விஷயம்...”

“அதை இப்போ பேச வேண்டாம்.”

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். “நீ என்னம்மா சொல்றே?”

மேடம் சொன்ன மாதிரியே எழுதலாம் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். கடிதத்தை நாத்தனாரே தட்டினார். எட்டு வரி. எண்கள் இடம் மாறியது என் பிழை என்று மூன்றாவது வரியிலேயே இருந்தது. முதலாளி இரண்டு முறை படித்துவிட்டு, நாத்தனாரின் கையெழுத்துக்குக் கீழே தானும் ஒரு கையெழுத்தைப் போட்டார். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

அதன்பிறகு நடந்ததெல்லாம் வேகமாகவும் சப்தமில்லாமலும் நடந்தது. இரண்டு நாளில் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடம் படுக்கையறையாகி, மேலே இருந்தவர்களில் பத்தொன்பது பேர் கீழே வந்துவிட்டார்கள். வெளிப்புறச் சுவரை ஒட்டி இரும்புப் படிக்கட்டு அமைக்க வேலை தொடங்கியது. உரிமம் தரும் குழு நாத்தனாரை அழைத்து ஒரு மணி நேரம் விசாரித்து, ஒரு வருடத்துக்கு அறிக்கைகளில் கையெழுத்துப் போடக் கூடாது என்று தடை விதித்தது. மருத்துவமனைக்காரர்கள் தங்கள் வேலையை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பார்ட்னர் பேச்சை முதலாளி எடுக்கவில்லை, நாத்தனாரும் கேட்கவில்லை. தடை வந்த மறுநாளும் ஒன்பது மணிக்கு வந்து அதே மேசையில் உட்கார்ந்தார்.

வீட்டில்தான் சத்தம் வந்தது. யாரோ மாமியாரின் காதில் அரைகுறையாகப் போட்டிருந்தார்கள். “நீ பார்த்துக் கொண்டுவந்த பொண்ணு. இத்தனை வருஷத்து எழுத்துல தேடித் தேடி உன் தப்பைக் கண்டுபிடிச்சிருக்கா” என்று மகளிடம் சொன்னார். மருமகள் அடுப்பங்கரையில் இருப்பது தெரிந்தே சொன்னார்.

“அவ தேடினது அவளோட தப்பைம்மா” என்றார் நாத்தனார். “கிடைச்சது என்னோடது.”

மாமியாருக்கு அது புரிந்ததோ இல்லையோ, வாயை மூடிக்கொண்டார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தபோது நாத்தனார் கிளம்பிப் போயிருந்தார்.

அடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் சாப்பிட வரவில்லை. தலைவலி, விருந்தாளி, வேலை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். ஆபீஸில் பேச்சு வேலையோடு நின்றது. நாலாவது வாரம், லிப்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது அவள் கேட்டே விட்டாள். “என்மேல கோபமா?”

நாத்தனார் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். “தப்பைச் சொன்னதுக்கா? இல்ல. சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் உன்னை வீட்டை விட்டே அனுப்பியிருப்பேன்.”

“அப்புறம்?”

“தம்பிகிட்ட சொல்லிட்டு என்கிட்ட வந்தே. பக்கத்து மேசைதான் நான். திரும்பிச் சொல்லியிருக்கலாம். அவனுக்கு என்ன தெரியும் அதுல?” கதவு திறந்தது. “ஒரு ராத்திரி முழுக்க எனக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுதான் ஆற மாட்டேங்குது.”

பயமாக இருந்தது என்று அவள் சொல்லியிருக்கலாம். அது அன்றைக்கு உண்மையும்கூட. நாத்தனார் அவளுக்காகக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். அடுத்த ஞாயிறு சாப்பிட வந்தார். ஆனாலும் பழைய மாதிரி இல்லை. உரசல் இல்லாத இடத்தில்கூட இருவரும் ஒருவருக்கொருவர் கொஞ்சம் இடம் விட்டே நடந்தார்கள்.

ஐந்தாம் மாதம் இரும்புப் படிக்கட்டு முடிந்தது. ஒத்திகைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். புது ப்ரோகிராம் ஆறு நிமிடம் ஐந்து நொடி என்று சொல்லியிருந்தது. மணி அடித்தது. நாத்தனார் இரும்புப் படிக்கட்டின் அடியிலும் அவள் உள் படிக்கட்டின் அடியிலும் கடிகாரத்தோடு நின்றார்கள். ஐந்தே முக்கால் நிமிடத்தில் கூட்டம் அநேகமாக வந்துவிட்டது. நர்ஸ் தலைகளை எண்ணினார். ஓர் ஆள் குறைந்தது.

இரண்டாம் மாடித் தச்சர். ஓய்வுபெற்றுப் பத்து வருடமானவர். எட்டே கால் நிமிடத்தில் தலைமுடியைப் படிய வாரி, சட்டைப் பொத்தான் அத்தனையும் போட்டு, நிதானமாக இரும்புப் படிக்கட்டில் இறங்கி வந்தார். கைப்பிடி இணைப்புகளை வழியெல்லாம் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“மணி கேட்கலையா தாத்தா?” என்றார் நர்ஸ்.

“கேட்டுச்சு. நாலு பேர் முன்னாடி பனியனோடவா வர்றது?”

கூட்டம் சிரித்தது. நாத்தனார் சிரிக்காமல் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். பிறகு அவளிடம் வந்து, “மணி கேட்டதும் எழுந்திருக்கிற நேரம்னு ஒண்ணு வச்சிருக்கே இல்ல, அது போதாது” என்றார். “எழுந்தப்புறம் கிளம்புற நேரம்னு தனியா ஒண்ணு வேணும். சட்டை, கண்ணாடி, மருந்து டப்பான்னு எத்தனையோ இருக்கு. எவ்வளவு நாள் ஆகும் சேர்க்க?”

“நாள் எல்லாம் ஆகாது. ‘முதியவர்’ங்கிற ஆப்ஜெக்ட்ல ஒரே இடத்துல சேர்த்தாப் போதும். மத்த யாரையும் தொட வேண்டாம்.”

“அப்போ வா” என்றார் நாத்தனார். “முதல்ல ஆளுக்கு ஆள் எவ்வளவு நேரம் எடுக்கிறாங்கன்னு கேட்டுக்கலாம். நீ பெண்கள் பக்கம் போ. நான் தச்சர்கிட்ட ஆரம்பிக்கிறேன்.”

தச்சர் அதற்குள் ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி, படிக்கட்டின் மூன்றாவது இணைப்பில் திருகாணி தளர்ந்திருப்பதைப் பற்றி யாரிடமோ புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.